இரண்டாவது விதைப்பு

மாமியார் குழித்தட்டைக் கொண்டுவந்து சமையல் மேடைமேல் வைத்தபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தட்டு நிறையப் பூசணி நாற்றுகள். நேற்றுவரை நிமிர்ந்து நின்றவை இப்போது பாதிக்குமேல் சாய்ந்து படுத்திருந்தன. இலைகளில் பச்சை இன்னும் போகவில்லை. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர்கோத்து, நூலாக இளைத்து, பழுப்பேறியிருந்தது.

“பாத்துக்கோ... நீ வளர்த்த லட்சணத்த” என்றாள் மாமியார். “ஒரு தட்டு இல்ல, அந்த வரிசை பூரா இப்படித்தான் கெடக்கு. உன் உடம்பு மட்டும்தான் இங்க இருக்கு. மனசு எப்பவோ பஸ் ஏறிப் போயிடுச்சு.”

மருமகள் தட்டின்மேல் குனிந்தாள். சாய்ந்த நாற்று ஒன்றை விரலால் தூக்கினாள். அது கையோடு வந்துவிட்டது.

மாமியார் சொன்னதில் ஒரு பாதி உண்மை. கடல் கடந்து வாழப்போன தங்கை பல வருஷம் கழித்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இவள் இதுவரை போட்டோவில் மட்டுமே பார்த்த குழந்தையும் கூட வந்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் இவளும் அங்கே கிளம்புவதாகப் பேச்சு. துணிப்பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

ஆனால் நாற்றுகளை அவள் மறக்கவில்லை. வீட்டின் பின்பக்கம் பச்சை வலை போட்ட அந்தக் கொட்டகைதான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. கணவன் விவசாயிகளிடம் ஆர்டர் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போவான். விதைப்பதும் வளர்ப்பதும் இவள். கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா எட்டிப் பார்க்கப் போனவள்தான். பிறகு அந்தக் கொட்டகை அவளுடையதாகிவிட்டது. இந்தப் பூசணி முழுவதும் ஆற்றோரத்து மீசைக்காரருக்கு. நிலத்தை உழுது, குழியெடுத்து, எருப் போட்டுக் காத்திருக்கிறார் மனிதர்.

கணவன் உள்ளே வந்து தட்டைப் பார்த்தான். தண்ணீர் அதிகமாகிவிட்டதா என்று கேட்டான். ஆமாம் என்றாள். யார் ஊற்றியது என்று கேட்டான்.

“நான்தாங்க. கவனிக்காம விட்டுட்டேன்.”

அவன் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தான். விரலை மண்ணில் விட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதவள் இவள் என்பது அவனுக்குத் தெரியும். மேலே ஏதாவது கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. மீசைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தபடி வெளியே போய்விட்டான். மாமியார் திட்டியதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

ஊற்றியது யார் என்பது அவளுக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரிந்திருந்தது.

கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஒரு குழப்பம். காலையில் அளவாகத் தண்ணீர் காட்டிய தட்டுகள் மறுநாள் விடியும்போது சொதசொதவென்று இருந்தன. கூரை ஒழுகுகிறதா என்றுகூட அண்ணாந்து பார்த்தாள். முந்தின நாள் மாமியார் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போன நேரத்தில், வாளி எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனவள் வலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே மாமனார். கைத்தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, விளங்காத வலது கையைத் தட்டின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, இடது கையால் குவளையில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு குழியிலும் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி குழியில் விழுந்தது, பாதி அவர் வேட்டியில். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே குரல் வீட்டுக்கு வந்துவிடும் என்று மாமியார் சொல்வதுண்டு. வாதம் வந்து ஒருபக்கம் விழுந்த பிறகு பேச்சு போயிற்று. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து மாமியார் அவரைத் தனியாக வாசல் தாண்ட விட்டதில்லை. சாப்பாடு, மாத்திரை, தலையணை எல்லாம் அவர் கிடக்கும் இடத்துக்கே வந்தன. அவரும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

அந்த மனிதர்தான் இப்போது தானாக எழுந்து, கொல்லைக் கதவைத் திறந்து, இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். குனிந்திருந்த அந்த முகத்தில் ஒரு தெளிவு. அதைப் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது...

அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். மாமியாரிடம் சொன்னால் அன்றைக்கே கொல்லைக் கதவுக்குப் பூட்டு விழும். அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். நாற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இவரை எங்கே போய்த் திரும்பக் கொண்டுவருவது?

அதனால்தான் விடிந்ததும் வந்த பழியை அவளே வாங்கிக்கொண்டாள்.

பயணத்தையும் அவளே நிறுத்தினாள். போனில் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னாள். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது: “நான் வரும்போதுதான்க்கா உனக்கு அங்க வேலை வருது. உன் பூசணிச் செடிக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்ல... சரி விடு.” இவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. கட்டிலுக்கடியிலிருந்த பையை இழுத்து, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தாள். குழந்தைக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையை வைக்கும்போது மட்டும் கண் நிறைந்தது.

மறுநாள் வேலையைத் தொடங்கினாள். நாற்று அழுகிய தட்டுகளின் மண்ணையெல்லாம் தூரக் கொண்டுபோய்க் கொட்டினாள். நோய் அந்த மண்ணில்தான் உட்கார்ந்திருக்கும். தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து வெயிலில் காயப்போட்டாள். புதுத் தென்னை நார்த்தூளை நனைத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது என்ற பதத்துக்குக் கொண்டுவந்தாள். குழிக்கு ஒரு விதை, கூர்முனை கீழே பார்க்க, விரலின் முதல் கணு மறையும் ஆழம். பிறகு தட்டுகளை அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினாள். முளை மூக்கு நீட்டும்வரை அதற்கு வெதுவெதுப்பு போதும், வேறொன்றும் வேண்டாம்.

மாமியார் கொட்டகை வாசலில் நின்று பார்த்துவிட்டு, இதையாவது பொறுப்பாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம். கணவர் படுத்த பிறகு வீட்டில் எது ஆட்டம் கண்டாலும் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

முளை வந்ததும் சாக்கை எடுத்துத் தட்டுகளை வெளிச்சத்துக்குப் பரப்பினாள். ஒருநாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடிச் செடி நெட்டையாக வளர்ந்து துவண்டுவிடும். அன்று காலை மாமியாரிடம் போய், மாமாவைக் கொஞ்சம் இளவெயிலில் உட்காரவைக்கலாம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள். மாமியார் அரைமனதோடு சம்மதித்தாள்.

அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்தாள். தட்டுகளுக்கு அடியில் அகலமான தகரத் தாம்பாளங்களைப் போட்டிருந்தாள். குவளையை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தாள்.

“மாமா, மேல ஊத்த வேணாம். கழுத்து நனைஞ்சா இதுங்களுக்கு ஆகாது, சாஞ்சுடுது. கீழ இந்தத் தாம்பாளத்துல ஊத்துங்க. வேரு தானா குடிச்சுக்கும். சாயங்காலம் வேணாம், காலைல மட்டும்.”

அவர் குவளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாய்ந்த வரிசைக்காக வீட்டில் இவள் வாங்கிய பேச்சு முழுவதும் படுக்கையிலிருந்து அவர் காதில் விழுந்துதான் இருந்தது. வாய் ஒருபக்கமாகக் கோணிற்று. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது.

அவள் அதைக் கவனிக்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள். “அந்தக் கடைசித் தட்டு காஞ்சிருக்கு பாருங்க மாமா” என்றாள்.

அதற்குப்பிறகு வந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. விதையோட்டைத் தொப்பிபோலத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்த நாற்றுகளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். அதைப் பிய்த்து எடுத்தால் இலை கிழியும் என்று ஈர விரலால் தொட்டு ஊறவைப்பாள். மாமனார் முக்காலியை நகர்த்தி நகர்த்தி வரிசை முழுவதற்கும் தண்ணீர் காட்டினார். குடித்தது போக மிச்சம் நின்ற தண்ணீரைச் சாய்த்துக் கொட்டவும் பழகிக்கொண்டார். பிறகு முக்காலியில்லாமல் நின்றார். காற்று வரட்டும் என்று பக்கவாட்டு வலையைச் சுருட்டிக் கட்டும்போது ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். படுக்கையறையில் அவர் இப்போது வாசலைப் பார்த்துப் படுக்கிறார் என்று மாமியார் ஒருநாள் மகனிடம் சொன்னது இவள் காதில் விழுந்தது. காரணம் வெயில்தான் என்று மாமியார் நினைத்துக்கொண்டாள். இவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

விதையிலைகளுக்கு அடுத்து வரும் சொரசொரப்பான உண்மையான இலைகள் இரண்டு விரிந்ததும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுகளை வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கினாள். இதற்கு மேல் தட்டில் வைத்திருந்தால் வேர் சுற்றிக்கொள்ளும். கணவன் மீசைக்காரருக்குப் போன் செய்தான்.

அவர் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு நாற்றைக் குழியிலிருந்து மண் உதிராமல் எடுத்து, வெள்ளை வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டைத் தடவினார். இதற்காக இன்னும் ஒரு மாசம்கூட நிலத்தைக் காயப்போடலாம் என்றார்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையிலும் பழையது எட்டிப் பார்த்தது. “முதல்ல போட்டது எல்லாம் போச்சுங்க. இவளுக்கு அம்மா வீட்டு நெனப்பு. தண்ணியக் கொட்டிச் சாகடிச்சுட்டா. நான் நாலு வார்த்தை சொன்னப்புறம்தான் ஒழுங்காப் பாத்தா...”

மருமகள் தலையைக் குனிந்தபடி தட்டுகளை வேன்பக்கம் நகர்த்தினாள். வெளியாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

“நா...”

எல்லோரும் திரும்பினார்கள். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு மாமனார் நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினார்.

“நா...ன். நான்... ஊத்துனேன்.”

மாமியார் கையிலிருந்த தட்டை மீசைக்காரர் சட்டென்று வாங்கிக்கொண்டார். இல்லையென்றால் அதுவும் மண்ணுக்குப் போயிருக்கும்.

“அவ... இல்ல” என்றார் மாமனார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிற்று. மருமகளைக் காட்டி, “சொல்லல... எனக்காக...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை.

மாமியார் அவரைப் பார்த்தாள். அவர் பேசிவிட்டாரே என்று திகைப்பதா, அவர் சொன்னதைக் காதில் வாங்குவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு மருமகளிடம் வந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தை.”

“தெரிஞ்சுமா என்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா நீங்க அவரை உள்ள விட்டிருக்க மாட்டீங்க அத்தை. அவரா எந்திரிச்சு வந்திருந்தாரு. அதை எப்படி அத்தை காட்டிக்கொடுக்கறது?”

மாமியாரின் முகம் உடைந்தது. “விழுந்துடுவாரோ விழுந்துடுவாரோன்னு... நானே அவரைப் படுக்கப் போட்டுட்டேன்மா. உன் தங்கச்சிய வேற பாக்கவிடாமப் பண்ணிட்டேன். என் வாயி...” சொல்லி முடிக்காமல் மருமகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நார்த்தூள் அப்பிய கையோடு எப்படிப் பிடிப்பது என்று தயங்கிய மருமகள், பிறகு அதையும் மறந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

கணவன் வேன் கதவைப் பிடித்தபடி நின்றான். “நான் அன்னிக்கே இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் கேளுங்கள் என்றாள்.

மீசைக்காரர் தொண்டையைக் கனைத்து, நாற்றுக்கு வெயில் ஏறுகிறது என்று நினைவுபடுத்தினார். எல்லோரும் சேர்ந்து ஏற்றினார்கள். வண்டியில் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்று மாமனார் கையாலேயே காட்டினார். அவர் சொன்னபடிதான் அடுக்கினார்கள்.

அன்று பிற்பகலே மாமியார் துணிப்பையை எடுத்துவைத்தாள். தங்கை வெளிநாடு திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. கொட்டகையில் மிச்சமிருக்கும் மற்ற நாற்றுகளைப் பற்றிக் கவலைப்படாதே, எல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி மருமகளை பஸ் ஏற்றிவிட்டாள்.

அம்மா வீட்டுக் கூடத்தில் தங்கையின் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கை இவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கோபம் இவளைக் கண்டதும் கரைந்து, விஷயம் முழுக்கக் கேட்ட பிறகு அழுகையாகி, இப்போது அக்காவை விட்டு நகரமாட்டேன் என்பதில் வந்து நின்றிருந்தது.

போனில் மாமியார் படபடத்தாள்.

“நீ எப்பம்மா வருவே? இந்த மனுஷன் என்னைத் தட்டுப் பக்கமே விடமாட்டேங்கறாரு. ரெண்டு குவளை ஊத்துறதுக்குள்ள ‘போதும் போதும்’ங்கறாரு. இங்க பாரு, கையைத் தட்டிவிடறாரு...”

பின்னால் மாமனாரின் குரல் கரகரவென்று கேட்டது. “போ...தும்டி!”

“கேட்டியா? டி போட்டுக் கூப்பிடறாரு” என்றாள் மாமியார். அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை.

மருமகள் குழந்தை விழித்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை” என்றாள்.