இடம் காலியானால்

ராக்குவைப் புதைத்து நாற்பத்தோராம் நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, டவுன் பஸ்ஸிலிருந்து ராக்கு இறங்கி வந்தாள்.

கையில் ஒரு மஞ்சள் பை. காலில் செருப்பு இல்லை. காப்பகத்தின் கேட்டைத் தானே திறந்துகொண்டு, வேப்பமரத்தடிக் குழாயில் எப்போதும்போலக் கால் கழுவிவிட்டு, ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனது தப்புத்தாந் தாயி," என்றாள். "வையாதீக."

ஜெயப்பிரியா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். கத்தியிருக்க வேண்டும். எழுந்து ஓடியிருக்கலாம், குறைந்தபட்சம் கையிலிருந்த பேனாவாவது விழுந்திருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. "சாப்டீகளா ஆத்தா?" என்று கேட்டாள். இந்த வாசலில் யார் வந்து நின்றாலும் பன்னிரண்டு வருஷமாக முதலில் வரும் கேள்வி அது. வாய் தன் வேலையைப் பார்த்தது.

ராக்கு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அபிராமம் பக்கம் மிளகாய்க் காட்டில் களையெடுக்க ஆள் கூப்பிட்டார்களாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்படியே லாரி ஏறிவிட்டாளாம். போன இடத்தில் காய்ச்சல். பரமக்குடி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கை. ஜெயப்பிரியா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அனல். இன்னும் காய்ச்சல் விடவில்லை. செத்தவளுக்குக் காய்ச்சல் அடிக்காது.

அப்படியானால் புதைத்தது யாரை?

இந்தக் காப்பகம் முன்னே கருவாடு அடுக்கி வைக்கும் கிட்டங்கியாக இருந்தது. தங்கச்சிமடத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ட்ரஸ்ட் வைத்து, வெள்ளையடித்து, பதினெட்டுக் கட்டில் போட்டு, தெருவில் கிடக்கும் பெண்களுக்கென்று திறந்தார்கள். ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிடக் கூட்டி வந்து, தீர்த்தம் ஆட வைத்து, அப்படியே விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விடப்பட்டவர்கள் இங்கே வருவார்கள். பகலில் வெளியே போய்விட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஆறு மணிக்கு ஆஜர். அவரவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெயப்பிரியா வாசலோரம் மேஜை போட்டு, தலை குனிந்து, பேர் படிப்பாள். "இருக்கேன்" என்று குரல் வந்ததும் ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை.

செத்தாலும் ட்ரஸ்ட்தான் எடுத்துப் போடும். கடலோரம் ஒதுங்கிய ஒரு பொம்பளைப் பிணம் உங்கள் ஆளா பாருங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து கார்த்திகையில் போன் வந்தது. ராக்கு காணாமல் போய் அப்போது பத்து நாள். போய்ப் பார்த்தாள். முகம் இல்லை. சேலை இருந்தது. பாசிப்பச்சை, மஞ்சள் கரை. பரமக்குடியில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம் தானமாகக் கொடுத்த சேலை மூட்டையிலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தது. "எங்க ராக்குதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தெருவில் செத்தவர்களையும் சேர்த்து அது அந்த மாதத்தில் மூன்றாவது சாவு. இன்னொரு நிமிஷம் நின்று பார்க்க அவளிடம் தெம்பு இல்லை.

ட்ரஸ்டில் ஒரு பழக்கம் உண்டு. ரோட்டில் கிடந்தவர்களைச் செத்த பிறகும் ரோட்டில் விடக்கூடாது என்பார் தலைவர் ராமசுப்பிரமணியன். அதனால் மண் தள்ளி முடித்ததும் புதைத்தவர் மகள் ஸ்தானத்தில் நின்று, பேர் சொல்லி மூன்று தரம் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். குழி வெட்டுகிறவர் அன்றைக்கும் முணுமுணுத்தார், "சுடுகாட்டுல நின்னு ஆரையும் வான்னு கூப்புடாதீகம்மா." ஜெயப்பிரியா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ராக்கு, வா. வீட்டுக்குப் போவோம்."

மூன்று தரம் கூப்பிட்டாள்.

இப்போது அவள் ஆஜர் நோட்டை எடுத்தாள். ராக்கு பேரை அடித்திருப்பேன், மறுபடியும் எழுத வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். ராக்குவின் கட்டில் எண்ணான பதினேழுக்கு நேராக விரலை வைத்தாள்.

பேர் அடிக்கப்படவில்லை.

புதைத்த அன்று சாயங்காலக் கட்டத்தில் ஒரு கோடு இருந்தது. மறுநாளும் ஒரு கோடு. மாசம் மாறியபோது பழைய பக்கத்தைப் பார்த்துப் புதுப் பக்கம் எழுதியிருந்தாள், அதிலும் "17. ராக்கு" என்று அவளுடைய கையெழுத்தே. அதற்கு நேராகவும் கோடு, கோடு, கோடு. நேற்று வரைக்கும்.

நாற்பது நாள்.

இவள் பேர் படித்திருக்கிறாள். ஒரு குரல் "இருக்கேன்" என்றிருக்கிறது.

ஜெயப்பிரியா நோட்டை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். கோடுகள் அங்கேயே இருந்தன. நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அது அடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் பயம். எத்தனையோ பேர் அழுததைக் கேட்டுக் கேட்டு, உள்ளே எதுவோ மரத்துப்போய் வெகுநாள் ஆகிவிட்டது, இத்தனை நாள் அது சௌகரியமாகவும் இருந்தது.

எழுந்து ஹாலுக்குப் போனாள். பகல் நேரம், கட்டில்கள் காலி. பதினாறில் மட்டும் நஸீரா உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் தெரியாது, தொண்டிக்காரி, வெளியே போவதில்லை. அவள் கட்டில் சுவரோடு ஒட்டித் தள்ளப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் பதினெட்டும் அப்படியே விலகியிருந்தது. நடுவில் பதினேழு தனியாக நின்றது. இதையும் ஜெயப்பிரியா தினம் பார்த்திருக்கிறாள். பார்த்தும் பார்க்கவில்லை.

"நஸீராக்கா, பதினேழுல யாரு இருக்கா?"

மணி உருட்டுவது நின்றது.

"என்னையக் கேக்குறீகளே," என்றாள் நஸீரா மெல்ல. "நீங்கதான தெனம் கூப்புடுறீக."

"யாரு பதில் சொல்றா?"

"அன்னைக்கு மவுத்தான புள்ளையப் பொதைச்சுட்டு வந்தீகள்ல, உங்களுக்குப் பின்னாலயே ஒரு காலடி வந்துச்சு. ஈரக் காலு. இங்கன வந்து ஒக்காந்துச்சு. ராவெல்லாம் குளிருதுன்னு மட்டும் சொல்லும். வேற ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பேரச் சொல்லிக் கூப்புடுறீக, அது இருக்கேங்குது. நீங்களும் கோடு போட்டுட்டுப் போறீக. நாங்க என்னத்தச் சொல்ல? இடம் குடுத்த எடத்துல ஒண்டிக் கெடக்குறவுக, பக்கத்துக் கட்டில்ல ஆருன்னு கேக்கலாமா?"

சமையல்கட்டிலிருந்து விமலாதேவி வந்து நின்றாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து தினம் வந்து சமைத்துவிட்டுப் போகிறவள். "அக்கா, அந்தக் கட்டில் விரிப்பு ஒவ்வொரு நாள் காலமையும் நனைஞ்சுதான் கிடக்கும். ஆரோ வயசானவ மூத்திரம் போறா எண்டு நினைச்சு நான்தான் தோய்ச்சுப் போடுறனான். காய்ஞ்சா உப்புப் பூக்கும்."

ஜெயப்பிரியா குனிந்து மெத்தையில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. கடல் வாடை. கருவாட்டுக் கிட்டங்கிச் சுவரிலிருந்து வருகிற நாற்றம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கை ஞாபகம் வந்தது.

ஐப்பசி மழை. சாயங்காலம். கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். தொப்பலாக நனைந்திருந்தாள். முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் மட்டும் வந்தன.

"ஒரு மூலை போதும்மா. ஒக்காந்தே தூங்கிருவேன்."

"பதினெட்டுக்கு மேல சேக்கக் கூடாதும்மா. ரூல்ஸ் அப்படி. இடம் காலியானா கூப்பிடுறேன்."

"மறக்காமக் கூப்புடுவீகளா?"

"கூப்பிடுறேன்."

ஈரத்தோடு நிற்கிறாளே என்று தானமாக வந்ததில் மிச்சமிருந்த ஒரு சேலையை எடுத்து வந்து கம்பி வழியாகக் கொடுத்தாள். பாசிப்பச்சை, மஞ்சள் கரை. பேர் கேட்கவில்லை. மறுநாளே ராக்கு போய்விட்டாள், கட்டில் காலியானது. ராக்கு திரும்பி வருவாள் என்று ஜெயப்பிரியா அதை வைத்திருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

கடைசியில் கூப்பிட்டது குழி மேட்டில் நின்று.

கேட்டவள் வந்துவிட்டாள்.

அதைவிட மோசமான கணக்கு ஒன்று இருந்தது. இந்த நாற்பது நாளில் வாசலுக்கு வந்த எத்தனையோ பேரிடம் நோட்டைப் பார்த்து, பதினெட்டும் நிறைந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பதினோரு பேரா, பன்னிரண்டா? அவர்களுடைய பேரும் தெரியாது.

"தாயி," என்று பின்னால் ராக்குவின் குரல் கேட்டது. காய்ச்சலில் தள்ளாடியபடி வந்து, தன் பழைய கட்டிலில் உட்காரப் போனவள், பாதியில் நிமிர்ந்துவிட்டாள். கட்டிலையே பார்த்தாள். "இங்கன ஆள் இருக்காகளே," என்றாள். "பரவால்ல. நான் பஸ் ஸ்டாண்டுல போயிப் படுத்துக்கிறேன். பழகின எடந்தான்."

"இந்தக் காய்ச்சலோட எங்க போவீக?"

விமலாதேவி ஜெயப்பிரியாவின் காதருகே வந்தாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டபடியாத்தானே வந்தது. பேர் சொல்லியே போகச் சொல்லுங்கோ அக்கா. கிழவிக்குக் கட்டில் வேணும்."

ஜெயப்பிரியா பதினேழின் முன்னால் நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே வரி. அதை அவள் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இடமில்லை, போங்கம்மா. ஆனால் யாரிடம் சொல்வது? ராக்கு என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவள் திரும்புவாள். மற்றவளுடைய பேர் உலகத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டிருக்க வேண்டியவள் இவள்தான்.

மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சற்று ஓரமாக நகர்ந்தது.

ஜெயப்பிரியா விமலாதேவியிடம் விரிப்பை மட்டும் மாற்றச் சொன்னாள். ராக்குவைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தன் கட்டிலில் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்தாள். தன் தலையணையை எடுத்துவந்து வராந்தா பெஞ்சில் போட்டாள். காலையில் ஸ்டேஷனுக்குப் போய், தப்பாக அடையாளம் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அது யார் என்று கேட்பார்கள்.

ஆறு மணிக்கு எல்லாரும் திரும்பியிருந்தார்கள். நோட்டில் ராக்கு பேரை அடித்துவிட்டு, 17 என்ற எண்ணை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு ஆஜர் எடுத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்களுக்கு அது கூச்சமாக இருந்தது.

"பதினாறு, நஸீரா."

"இருக்கேன்."

"பதினேழு."

கட்டிலில் யாரும் இல்லை. விமலாதேவி மத்தியானம் மாற்றிய விரிப்பு, நடுவில் கருத்து நனைந்துகொண்டே வந்தது.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

இன்னொரு சொட்டு.

"இருக்கேன்."

குரல் வந்தது. தினம் கேட்டு, தினம் கோடு போட்ட குரல். அதில் கோபமில்லை, குறையுமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் ஆடியது.

வெளியே ஒரு கிழவி. கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் கோயில் விபூதி. கண் இரண்டிலும் புரை விழுந்திருந்தது. கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு துணி மூட்டையும்.

"வண்டி எடுத்துட்டு வாரேன்னு மகன் போனான்," என்றாள். "காலையில இருந்து கோயில் வாசல்லயே ஒக்காந்திருந்தேன். இங்கன போகச் சொன்னாக."

ஜெயப்பிரியா கேட் வரைக்கும் போனாள், திறக்கவில்லை. வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. "பதினெட்டும் ஆளிருக்கும்மா. இடமி—"

"இருக்கு."

உள்ளேயிருந்து வந்தது குரல். பதினேழிலிருந்து.

"இடம் இருக்கு. வரச் சொல்லுங்க."

கிழவியின் முகம் மலர்ந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஜெயப்பிரியாவின் கை தானாகக் கேட்டைத் திறந்துவிட்டது. கிழவி சுவரைத் தடவித் தடவி உள்ளே போனாள், யாரும் வழி காட்டவில்லை, நேராகப் பதினேழுக்குப் போனாள். பாதிக் கட்டிலை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"நகந்து குடுத்தாக," என்று எல்லார் பக்கமும் திரும்பிச் சிரித்தாள். காலியான பாதியில் கையை நீட்டி எதையோ பிடித்துக்கொண்டாள். "நல்ல மனுசி. கையிதான் இப்படிச் சில்லுன்னு இருக்கு."

ஜெயப்பிரியா மேஜைக்குத் திரும்பினாள். பேனாவை எடுத்தாள். இந்தத் தடவை மறக்கவில்லை.

"ஆத்தா, உங்க பேரு?"

"மாரியம்மா."

17க்கு நேராக அதை எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டாள். பிறகு, கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பக்கத்துல இருக்கவுக பேரு என்னன்னு கேளுங்க ஆத்தா."

கிழவி அந்தப் பக்கம் காதைச் சாய்த்தாள். ரொம்ப நேரம் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"நீங்க இன்னைக்காச்சும் கேட்டீகளேங்கிறாக," என்றாள் கிழவி. "இனி தெனம் கேக்கணுமாம். சொல்லத் தோணுற அன்னைக்குச் சொல்லுவாகளாம்."