வாய்ப்பன் சுட்ட மருந்து

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் எமிலியா இருந்த மாடிக்கட்டடத்தில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் சண்டை நடக்கிறது, எல்லாம் படிக்கட்டு வழியே ஏறி வந்துவிடும். 1986 மாரிகாலம் முழுக்கப் பேச்சு, எதிர்வீட்டு அபேனா அன்ரியைப் பற்றித்தான். கானா நாட்டுக்காரி, மீன் தொழிற்சாலையில் வேலை. அவருடைய கதவைத் தாண்டினால் புகையும் கொட்டையும் கலந்த ஒரு வாடை வரும்.

"என்னத்தைத்தான் பூசுறாவோ!" என்று எமிலியாவின் அம்மா மேரிசெலின் மூக்கைப் பொத்துவார்.

பொத்துகிற அந்தக் கையைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். தரை கழுவுகிற வேலை. குளிரிலும் சவர்க்காரத்திலும் விரல்கள் வெடித்து, ஒரு வெடிப்பு வீங்கியும் இருந்தது. கை ஆறாவிட்டால் வேலை போய்விடும்.

அந்தக் கையை அபேனா அன்ரி கண்டிருக்கிறார். ஒருநாள் எமிலியா பள்ளிக்கூடத்தால் வந்தபோது, மேசையில் ஒரு மாஜரின் பெட்டி. அதற்குள் சுடச்சுடப் பொரித்த வாழைப்பழ வாய்ப்பன்!

"எதிர்வீட்டுக்காரி பட்டர் தந்தவ, பிள்ளை. பழசு போல. வெறும் பெட்டியைத் திருப்பிக் குடுக்கக் கூடாதெல்லோ? அந்தப் பட்டரிலயே வாய்ப்பன் சுட்டனான். கொண்டுபோய்க் குடு," என்றார் அம்மா.

எமிலியா கொண்டுபோன பெட்டியிலிருந்து அபேனா அன்ரி ஒன்றை எடுத்துக் கடித்தார். சிரித்தார். பிறகு அழுதார்.

இருவருக்கும் டேனிஷ் அரைகுறைதான். ஆனாலும் விளங்கியது. அது பட்டர் இல்லை. ஷியா என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கிற கொழுப்பு. அவர்கள் ஊரில் அதில் சமைப்பார்கள்; வெடித்த தோலுக்கும் பூசுவார்கள். சீழ் பிடிக்காமல் இருக்க, அந்த மரத்தின் பட்டையை அவித்துப் புண் கழுவுவார்கள்.

"உன் அம்மாவின் கைக்கு மருந்தாகத்தான் தந்தேன்," என்றார் அன்ரி. "பரவாயில்லை. என் அம்மா சுட்ட பலகாரம் போலவே இருக்கிறது."

"அப்படியென்றால் உங்கள் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்கலாமே?"

"அம்மா போன மாதம் இறந்துவிட்டார். என்னால் போக முடியவில்லை. அந்தப் பெட்டியில் இருந்ததுதான் அவர் கடைசியாகக் கடைந்தது."

அன்ரியின் விரல்களும் வெடித்திருந்ததை எமிலியா அப்போதுதான் பார்த்தாள். வாய்ப்பன்களைத் தட்டில் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியோடு வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, தாச்சியைக் கழுவாதேங்கோ!"

குளிரில் மிச்சக் கொழுப்பு, வாய்ப்பன் பொரித்த தாச்சியில் உறைந்து கிடந்தது. விஷயத்தைக் கேட்ட மேரிசெலின் பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார்.

"மாதாவே! மருந்தில வாய்ப்பன் சுட்டுப்போட்டனே!"

அவர் அதை இளஞ்சூடாக்க, எமிலியா தேநீர் வடியால் வடித்தாள். பெட்டியில் பாதிகூட வரவில்லை.

"முழுக்க அவவுக்கே குடு. என்ர கை கிடக்கட்டும்."

"நீங்களும் வாங்கோ அம்மா. ரெண்டு பேருக்கும்தானே நோகுது?"

மேரிசெலின் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் போனார். சொந்த ஊரான மன்னாரில் எமிலியாவின் அப்பாவை அடக்கம் செய்தபோது அவராலும் போக முடியவில்லை. அதைச் சொல்ல டேனிஷ் தெரியாது. கொழுப்பைத் தொட்டு அபேனாவின் விரல்களில் பூசினார். அபேனா இவருடைய விரல்களில் பூசினார். இருவரும் அழுதார்கள்.

வெடிப்புகள் மெல்ல மூடத் தொடங்கின. இப்போது அந்த வாடை இரண்டு கதவுகளிலிருந்தும் வந்தது. படிக்கட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். மூக்கைப் பொத்த மட்டும் அம்மாவுக்குக் கை ஒழியவில்லை. அதை அபேனா அன்ரி பிடித்திருந்தார்.