கணப்புக்கு ஒரு விரிப்பு

ஊசி உள்ளே போகவில்லை. மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என மூன்றையும் சேர்த்துக் குத்தும்போது விரலுக்கு ஒரு மெத்தென்ற இடம் கொடுக்கும். இந்த ஒரு மூலையில் மட்டும் அது இல்லை. உள்ளிருந்து யாரோ ஊசிமுனையைப் பிடித்துக்கொண்டதுபோல் நின்றது. ஸெல்லா விரலுறையால் அழுத்தினாள்.

"என்னடி, நாலு தையலுக்கு அரை நாளா?" என்றாள் ஓர்ஃபா, மேஜையின் மறுமுனையிலிருந்து. "உன் வரிசையப் பார்த்தா கோழி நடந்துபோன மாதிரி இருக்கு."

"உங்க கோழி மட்டும் நேரா நடக்குமாக்கும், அண்ணி."

ஓர்ஃபா நாற்காலி கிறீச்சிடச் சிரித்தாள். ஸெல்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன குளிர்காலத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சாதாரணமாக நடந்த கடைசிக் காரியமும் அதுதான்.

டல்ஸி போனதிலிருந்து கணப்பின் மேல்பலகை வெறுமையாகக் கிடந்தது. மகளின் மரக்குதிரையை எடுத்து உள்ளே வைத்த ஸெல்லா, அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. கணவன் ஹோபார்ட் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்து அந்தப் பலகையைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். அவனுடைய அக்கா ஓர்ஃபாதான், "பலகை மொட்டையா கிடக்கு. கிறிஸ்மஸுக்குள்ள ஒரு விரிப்பு தெச்சுப் போடுவோம்" என்று ஆரம்பித்தாள். துண்டுத்துணிகளை ஒட்டி முகப்பு தைத்ததும் அவள். பஞ்சை வைத்து, அடித்துணி போட்டு, பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொண்டு வந்ததும் அவள். ஸெல்லாவுக்கு மிச்சம் வைத்தது நுண்தையல் மட்டும்.

பஞ்சு எங்கே வாங்கினீர்கள் என்று ஸெல்லா கேட்கவில்லை. கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. நைந்துபோன போர்வையைப் புதிய போர்வைக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். எந்த வீட்டிலும் ஒரு போர்வைக்குள் அதற்கு மூத்த போர்வை ஒன்று படுத்திருக்கும்.

சாயங்காலம் பனி விழத் தொடங்கியபோது தைத்து முடிந்தது. ஹோபார்ட்டுக்கு அன்று இரவு வேலை. மேல்பலகையில் விரித்து, பின் ஓரத்தில் சின்ன ஆணிகளை அடித்தார்கள். முன்னால் ஐந்து கூர்த்தொங்கல்கள் நெருப்புக்கு மேலே இறங்கின.

"வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு ஓர்ஃபா காப்பி சூடுபண்ண அடுக்களைக்குப் போனாள்.

ஸெல்லா கணப்பின் முன்னால் உட்கார்ந்தாள். நிலக்கரி சிவந்து வெடிக்கும் மெல்லிய சத்தமும், கண்ணாடிச் சன்னலில் பனி உரசும் சத்தமும், அடுக்களையில் ஓர்ஃபா மூடியைத் தேடித் தட்டுமுட்டுகளை உருட்டும் சத்தமும் கலந்து வந்துகொண்டிருக்க, விரிப்பின் மேல் சூடு ஏற ஏற, முதலில் வெந்த பருத்தியின் வாசனையும், அதன் அடியிலிருந்து வேறொன்றும் மெதுவாக, ஈரத்துணியில் எண்ணெய் பரவுவதுபோல், அறைக்குள் பரவின. வதக்கிய வெங்காயம். பன்றிக்கொழுப்பு. கற்பூரம். அதற்கும் அடியில், காய்ச்சல் வேர்வையின் புளிப்பு.

காய்ச்சலில் கிடந்த டல்ஸியின் நெஞ்சில் கட்டிய மருந்துப் பத்து. அதே வாசனை.

தொண்டை அடைத்துக்கொண்ட அந்த ஆறு வயதுக் குழந்தை கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: "குளிருதும்மா." ஸெல்லா தான் தைத்த போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, "இது எப்பவும் உன்கூடத்தான் இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தாள். மறுநாள் அவளுக்கே காய்ச்சல் கண்டுவிட்டது. இறந்த குழந்தையைக் குளிப்பாட்டியதும் சவப்பெட்டியை மூடியதும் ஓர்ஃபா. அந்தப் போர்வையிலேயே சுற்றி அனுப்பியதாகப் பைபிள்மேல் கைவைத்துச் சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஸெல்லா எழுந்து நடமாடினாள்.

விரிப்பு அசைந்தது.

காற்றுக்கு அசைவதுபோல் இல்லை. மெல்ல உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பும்போது உள்ளே எங்கோ ஒரு கீச்சல்.

ஸெல்லா எழுந்துபோய், ஊசி போகாத அந்த மூலையைக் கத்தரியால் பிரித்தாள். அடித்துணி விலகியது. உள்ளே பல தடவை மடித்துத் தைத்த சிவப்பு விளிம்பு. அவள் கைத்தையல். அதன்மேல் அவள் நூலால் தைத்த டல்ஸியின் பெயரில் பாதி. மீதிப் பாதியைக் கத்தரி கொண்டுபோயிருந்தது.

ஓர்ஃபா காப்பியோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"அண்ணி, டல்ஸியோட போர்வை எங்க?"

"மண்ணுக்குள்ள. வேற எங்க இருக்கும்?"

ஸெல்லா சிவப்பு விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். ஓர்ஃபா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கத்தாத. நல்ல பஞ்சுடி அது. ரெண்டு தடவ வெந்நீர்ல அவிச்சுத்தான் எடுத்தேன். மக்கிப்போறதுக்கா அம்புட்டு பாடுபட்டுத் தெச்ச?"

"சத்தியம் பண்ணுனீங்களே."

"நீ சாகக் கிடந்த. வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? உனக்கே திருப்பிக் குடுத்துட்டேன்ல, இப்ப என்ன?"

"மீதிப் பாதி?"

"என் கட்டில்ல. எனக்குக் குளிராதா?"

"என் பிள்ளைய எதுல சுத்துனீங்க?"

ஓர்ஃபா நெருப்பைப் பார்த்தாள். நெருப்பு சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சூடு இல்லை. ஸெல்லாவின் மூச்சு வெள்ளையாக வந்தது.

ஓர் ஆணி தெறித்துத் தரையில் விழுந்தது.

"காத்துடி," என்றாள் ஓர்ஃபா. கதவு மூடியிருந்தது. சன்னலும்.

இன்னொரு ஆணி. இன்னொன்று. விரிப்பு பலகையை விட்டு வழுக்கி இறங்கியது, கீழே நின்று யாரோ இழுப்பதுபோல். மொத்தமும் விழுந்தது.

தரையில் படியவில்லை. நின்றது.

உள்ளே ஒரு தலை. இரண்டு ஒடுங்கிய தோள்கள். அதற்குமேல் மூட விரிப்புக்கு அகலம் போதவில்லை. தொங்கல்களுக்குக் கீழே மாவுச் சாக்கு. நனைந்து ஒட்டிய சாக்கில் ஆலைக்காரனின் சேவல் படம், கொண்டை மட்டும் அழியாமல். அதற்கும் கீழே கால்கள். செம்மண் அப்பிய சின்னக் கால்கள்.

ஓடும் காலில் பட்டுக் கோப்பை உடைந்தது. கதவு திறந்தது. ஓர்ஃபா பனியில் ஓடும் சத்தம், பிறகு அதுவும் இல்லை.

ஸெல்லா ஓடவில்லை.

"குளிருதும்மா."

குரல் அதேதான். உள்ளே மண் சரிந்தது.

தன் கம்பளிக்கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். படுக்கைப் போர்வையைக் கொண்டுவந்தாள். ஹோபார்ட்டின் கோட்டு. தரைவிரிப்பு. சன்னல் திரை. வீட்டில் துணி என்று இருந்ததெல்லாம். பிறகு துணி இல்லை. மண்டியிட்டு, அத்தனையையும் சேர்த்து இரு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கினாள். துணிகளுக்குள் ஒரு முகம் திரும்பி, ஈரமாக, அவள் கழுத்தில் பதிந்தது.

திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்து தரையில் சேர்ந்தது. கரி சாம்பலானது. அவள் இன்னும் இறுக்கினாள்.

பிள்ளையின் நடுக்கம் நிற்கவில்லை.