இருநூறு மிளகில் ஒன்று

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு. யோகேந்திரன் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டான். டீச்சர் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

முந்தின நாள் மாலைதான் அம்மா சந்திரகாந்தா இந்த வகுப்புக்கென்று போனுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டிருந்தாள். அது எங்கே போனது? அம்மா போன் கம்பனியைத் திட்டினாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ரத்தோட்டை ரோட்டுக் கடை வரைக்கும் இறங்கிப் போய், கடைக்காரரையும் திட்டினாள். அவர் போனைத் தட்டிப் பார்த்து அவளிடமே நீட்டினார். ஆறு தடவை சல்லி வெட்டியிருந்தது. ஆறும் ஒரே விளையாட்டில் முட்டை வாங்க.

வகுப்பு மறுநாளும் இருந்தது. அம்மா இன்னொரு ரீலோட் போட்டுக்கொண்டு மலை ஏறி வந்தாள்.

"நான் மலையில அட்டைக்கு ரத்தம் குடுத்துச் சம்பாதிக்கிறேன். இவன் அதை முட்டைக்குக் குடுத்திருக்கான்" என்றாள்.

அடி விழவில்லை. அதனாலேயே யோகேந்திரனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, அன்றைக்கே கையில் தரும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். போன் அக்கா தினுஷாவின் பொறுப்பு. அவள் ஏழாம் வகுப்பு. இரண்டு மணிக்கு வகுப்பு. அதுவரை ரீலோட் கரையக்கூடாது.

யோகேந்திரன் அவள் பின்னாலேயே சுற்றினான்.

"ஒரே ஒரு முட்டைக்கா. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள தங்க முட்டை கெடைக்கலைன்னா மணி பறந்து போயிடும்."

மணி என்பது விளையாட்டில் அவன் வளர்க்கும் பச்சைப் பறவை. எட்டு மாதமாகத் தீனி போட்டிருக்கிறான். அது என்ன விளையாட்டு என்று பார்த்துவிட்டு அவனுக்கு ஓர் அறை விடலாம் என்றுதான் தினுஷா போனைத் திறந்தாள்.

திரையில் மணி அழுதுகொண்டிருந்தது. 'யோகேந்திரன், என்னைக் கைவிட்டுவிடுவாயா?' என்று கேட்டது. கீழே ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. 'காப்பாற்று' என்று சிவப்பில் பெரிய பொத்தான். மூடுவதற்கான குறியோ நகம்கூடப் படாத அளவுக்குச் சின்னது.

தினுஷாவுக்குக் காது சூடானது. தம்பி மேல் இருந்த கோபம் இடம் மாறியது. பெரிய ஆட்கள், சம்பளம் வாங்குகிற ஆட்கள், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பத்து வயதுப் பையனை எப்படிப் பெயர் சொல்லி அழ வைக்கலாம் என்று பேசியிருக்கிறார்கள்.

விளையாட்டுக் கம்பனிக்கு ஒரு புகார் எழுதினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. 'உங்கள் அன்புக்கு நன்றி!' கூடவே இரண்டு இதயங்கள்.

'இது அன்பு இல்லை, கோபம்' என்று மறுபடி எழுதினாள். அதே பதில் வந்தது. இந்தத் தடவை மூன்று இதயங்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தின் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ எழுதியிருந்தது. இரண்டு விரலால் விரித்தாள். தங்க முட்டை கிடைக்கும் வாய்ப்பு அரை சதவீதம். அப்படியென்றால் இருநூறில் ஒன்று.

தம்பியிடம் சொன்னாள். அவன் அசையவில்லை.

"ஒன்னு இருக்குதானே? மூணாவது தடவை கொஞ்சத்துல தப்பிடுச்சு. பக்கத்துலயே நின்னுச்சுக்கா."

"அதை அங்க நிக்க வெச்சதே அவங்கதான்டா."

பேச்சு எடுபடவில்லை. தினுஷா வாசலுக்குப் போனாள். சாக்கில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இருநூறு எண்ணி ஒரு டின்னில் போட்டாள். அதில் ஒன்றை எடுத்து, அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பைப் பூசி, வெயிலில் காயவைத்து மறுபடி உள்ளே போட்டுக் குலுக்கினாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஒன்னு எடு. வெள்ளை வந்தா நீ முட்டை வாங்கு. அம்மாகிட்ட நான் அடி வாங்கிக்கிறேன்."

"நெசமாவா?"

"ஆனா சும்மா இல்ல. அந்தக் கம்பனிக்காரன் மட்டும் சும்மாவா குடுக்குறான்? ஒரு தடவைக்கு ஒரு வாளி தண்ணி."

தண்ணீர்க் குழாய் லயத்துக்குக் கீழே, நாற்பது படி இறங்க வேண்டும். யோகேந்திரன் சிரித்துக்கொண்டே ஓடினான். முதல் வாளி. கறுப்பு. எடுத்த மிளகைத் திரும்பப் போட்டுக் குலுக்கினார்கள். இரண்டாவது வாளி. கறுப்பு. ஐந்தாவது வாளியோடு மேலே வந்தபோது, பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா, வீட்டில் ஏதும் விசேஷமா என்று விசாரித்தார். அவனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஒன்பதாவது தடவையும் கறுப்பு. சட்டை நனைந்துவிட்டது. உள்ளங்கை சிவந்துவிட்டது.

"நீ அதை உள்ள போடவே இல்ல" என்றான்.

தினுஷா டின்னைச் சாக்கில் கவிழ்த்தாள். கறுப்புக்கு நடுவில் வெள்ளை மிளகு கிடந்தது. அவன் அதையே பார்த்தான்.

"அப்ப இன்னும் ரெண்டு மூணு வெள்ளை போடு."

"நான் போடுவேன். அவன் போடமாட்டான்."

"ஏன்?"

"நீ தண்ணி தூக்கிக்கிட்டே இருக்கணும்ல."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் அழுதான். தினுஷாவும் பக்கத்தில் உட்கார்ந்து, சிவந்த கைக்கு எண்ணெய் தடவிவிட்டாள். முட்டை வாங்கவில்லை. இரண்டு மணிக்கு டீச்சர் வந்தார். ரீலோட் கடைசிக் கணக்கு வரைக்கும் நின்றது.

ஆறு மணியாக ஒரு நிமிடம் இருந்தபோது யோகேந்திரன் போனைக் கேட்டான். மணியை வழியனுப்ப வேண்டுமாம். தினுஷா கொடுத்தாள், ஆனால் பக்கத்திலேயே நின்றாள்.

கடிகாரம் பூச்சியத்துக்கு வந்தது. மணி பறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. நாளை மாலை வரைக்கும் அவகாசமாம். இன்று மட்டும் முட்டை பாதி விலையாம். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

யோகேந்திரனின் முகம் மெதுவாகச் சிவந்தது.

"போகவே இல்லையேக்கா. அப்ப ஆறு மணிக்குப் போயிடும்னு சொன்னது பொய்யா?"



அவனே விளையாட்டின் படத்தை அழுத்திப் பிடித்தான். இதை நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று போன் கேட்டது.

"ஆமாடா, கள்ளப்பயலே" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, யோகேந்திரன் அழுத்தினான்.