சிவப்பு எரியாத ஊர்

மணிக்கட்டுப் பட்டையில் மனஅளவி சிவப்பாக எரிந்தால் மறுநாள் காலை வண்டி வந்துவிடும். ஆளைத் தேற்றகத்தில் கொண்டுபோய் அடைத்து, பச்சை தெரிந்த பிறகுதான் விடுவார்கள். அதுவரை அவர் சொல் எங்கும் செல்லாது. மனசு சரியில்லாதவர் பேச்சை எந்த அலுவலகம் கேட்கும்?

கொள்ளைநோய் விவசாயிகளை எவ்வளவு நொறுக்கியிருக்கிறது என்று அளக்கத்தான் முதலில் இந்தப் பட்டையைக் கட்டினார்கள். நாடித்துடிப்பையும் தோல்சூட்டையும் வைத்தே துயரத்தை எடைபோட்டுவிடுமாம். பிறகு அது எல்லார் கைக்கும் வந்துவிட்டது.

ராயப்பன் ஊரடங்கில் வாங்க ஆளில்லாமல் மல்லிகையைப் பறித்துப் பறித்துக் குப்பையில் கொட்டியவர். அந்த வாரமே நோய் கண்ட மனைவியை ஒரு வண்டி ஏற்றிப்போனது. அவள் திரும்பவில்லை. இன்னொரு வண்டியைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பட்டையைக் கழற்றி எருமையின் முன்னங்காலில் கட்டிவிட்டார். பச்சை எரிந்தது. விஷயம் காதோடு காதாகப் பரவி, ஊரே அப்படிக் கட்டியது.

ஒருநாள், மனஅளவிகளைக் கண்காணிக்கும் டாக்டர் வான்மதி வாயெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“ஐயா, மாநிலத்துலயே உங்க ஊருதான் முதல்ல தேறியிருக்கு. இன்னிக்குக் காலையிலேர்ந்து உங்க அளவைத்தான் எல்லாருக்கும் இயல்புன்னு வெச்சிருக்கோம். அதைத் தாண்டினா சிவப்பு.”

“எல்லாருக்கும்னா?”

அவள் பதில் சொல்லுமுன் திண்டுக்கல்லிலிருந்து மகள் ஸ்டெல்லா போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, எனக்குச் சிவப்பு எரியுதுப்பா. நாளைக்கு வண்டி வருமாம். பாப்பா இன்னும் தாய்ப்பால்தானப்பா குடிக்குது.”

ராயப்பன் வான்மதியைத் தொழுவத்துக்கு இழுக்காத குறையாக அழைத்துப்போய் எருமையின் காலைக் காட்டினார்.

“தப்புப் பண்ணிட்டோம் டாக்டரம்மா. என்னைய ஏத்திட்டுப் போங்க. எம்மகள விட்டுருங்க.”

அவள் முகம் வெளுத்தது. “இப்பவே தலைமையகத்துக்குச் சொல்றேன்” என்று போனை எடுத்தபோது சட்டைக் கை விலகியது. அவள் பட்டையிலும் சிவப்பு.

“என் பேச்சை இனி எடுக்க மாட்டாங்க” என்றாள் மெதுவாக. “உங்க பேர்ல பச்சைதானே இருக்கு? பட்டையைக் கையில கட்டிக்கிட்டு நீங்க சொல்லுங்க ஐயா.”

அவர் எருமைக்காலிலிருந்து பட்டையை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டினார். உடனே சிவந்தது.

“ஊருல வேற யார் கையிலயாவது பச்சை எரியுதா?” என்று கேட்டாள்.

ராயப்பன் தெருவைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு எருமைகள் காலில் பச்சையோடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.