பிறைக்கு ஒரு கோடு

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கெர்கென்னா தீவுக்குப் போகும் படகில் மழை சாய்வாக அடித்தது. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிய வஜ்தி, அங்கே முன்பே ஒதுங்கியிருந்த பெண்ணின் காலை மிதித்துவிட்டான்.

"ஸ்... பாத்து வரக் கூடாதா?"

நிமிர்ந்தான். நீர் வற்றிய மணலில் மிஞ்சும் குட்டையைப் போலத் தெளிந்த கண்கள்... மன்னிப்புக் கேட்க மறந்தே போனான்.

மடிக்கணினி நனைந்துவிட்டதோ என்று திறந்து பார்த்தான். திரையில் இருந்த வரைபடத்தை அவளும் பார்த்தாள்.

"இதென்ன, கீழ எறும்பு ஊருது?"

"எறும்பு இல்லீங்க, தேதி. ஒரு வருஷத்துக் கடல் மட்டம். நாளுக்கு ஒரு குறி."

"மேல இந்த வலை?"

"கட்டக்கோடு."

"மீனே தெரியாத வலை!"

அவனுக்குச் சுருக்கென்றது. "மூல்தி ரையிஸுக்குப் புரியும். அவருக்குத்தான் கொண்டு போறேன்."

"புரியுமா? அவர் என் பாபாதான்... பாக்கலாம்!" என்றாள் ரீஹாம்.

தீவில் கடலுக்கும் சொந்தக்காரர் உண்டு. பேரீச்ச மட்டைகளை நட்டு மீன் பிடிக்கும் அந்த நீர்ப்பரப்பு, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்து. ரையிஸ் என்றால் படகுத் தலைவர்; மூல்தி ரையிஸின் கடலில் நான்கு தலைமுறையாக அந்நியர் எவரும் ஒரு குச்சி நட்டதில்லை. அங்கே ஓர் அளவுகோல் நட அனுமதி கேட்டுத்தான் வஜ்தி வந்திருந்தான். கிடைக்காவிட்டால் அவன் ஆய்வு அதோடு நின்றுவிடும்.

தாளில் அச்சிட்டு வந்த படத்தை ரையிஸ் வாங்கிப் பார்த்தார்.

"இதுல பிறை எங்க தம்பி?"

"மாசத்து ஒண்ணாந்தேதியைத் தடிச்ச கோடா போட்டிருக்கேன் ரையிஸ்..."

"கடலுக்கு ஒண்ணாந்தேதி தெரியாது." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "என் கடலை அறியாதவன் என் கடல்ல கால் வைக்க வேண்டாம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

படகுத்துறையில் தலைகுனிந்து நின்றவனிடம் ரீஹாம் வந்தாள். முறைப்படி, அத்தையோடுதான் வந்தாள்.

"தேதியெல்லாம் எடுத்துடுங்க. பிறைக்கு ஒரு குறி, முழுநிலாவுக்கு ஒரு குறி போதும். மீட்டர் வேணாம், சாண் போடுங்க."

"எனக்கு ஏன் சொல்றீங்க?"

"கால் இன்னும் வலிக்குது. மறுபடி வந்து மன்னிப்புக் கேக்கணும்ல..."

அத்தை இருமினாள்.

அந்த வாரம் முழுக்க அவன் படம் வரையும் கணினி நிரலைத் திருத்தினான். முன்னூற்று அறுபத்தைந்து குறிகள் இருபத்தைந்தாகின. வேண்டாத கட்டக்கோடுகளை அழித்தான். மிஞ்சியவற்றை வெளிறச் செய்து, அலைக்குப் பின்னால் தள்ளினான். முதன்முறையாகக் கடல் மூச்சுவிடுவது தெரிந்தது.

அடுத்த செவ்வாய், ரையிஸ் விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு நாள் தள்ளி நீர் உச்சிக்கு ஏறியிருந்தது.

"ரெண்டாம் நாள்தான் ஏறும்... ஆமா. இது என் கடல்தான்."

விரல் கடைசியில் நின்றது. அங்கே தனியாக ஒரு மெல்லிய கோடு.

"இதென்ன? அன்னைக்குப் பிறையும் இல்ல, முழுநிலாவும் இல்ல."

வஜ்தியின் காது சிவந்தது. சமாளிக்க ஒரு பொய் போதும். அவன் சொல்லவில்லை.

"போன செவ்வாய், ரையிஸ். படகுல மழை... அன்னைக்குத்தான் உங்க பொண்ணைப் பாத்தேன். எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து முறையா கேக்கணும்னு இருக்கேன்."

ரையிஸ் அவனை வெகுநேரம் அளந்தார்.

"குச்சி நடலாம். மத்ததை உங்கம்மா வந்து பேசட்டும். முதல்ல அந்தக் கோட்டை அழி. என் பொண்ணைத் தாள்ல போட்டு ஊருக்குக் காட்டாதே."

"சரி ரையிஸ்..."

கதவுக்குப் பின்னாலிருந்து ரீஹாமின் மெல்லிய குரல் வந்தது.

"ஊருக்குக் காட்டுற தாள்ல வேணாம் பாபா... எனக்குக் குடுக்கற தாள்ல அந்தக் கோடு இருக்கட்டும்."