கரையேறாத பேச்சு

மாலை வெயில் கொள்ளிடத்துப் புதுவெள்ளத்தின் மேல் குங்குமம் கரைத்தாற்போல் பரவியிருந்த வேளையில், வெண்மணற்கோட்டைக்கு எதிரே அமைந்த பாசறையில், சோழ மன்னரின் நீதி அதிகாரி பூதிமங்கலமுடையார் முத்திரையிட்ட ஓர் ஓலைச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

வாசகரே, அவர் விழித்ததில் நியாயம் இருந்தது. கோட்டைத் தலைவர் விழுப்பரையர், நெற்குப்பைத் தலைவி நல்லிணங்கையின் கணவன் சேந்தனைச் சிறைப்பிடித்திருந்தார். சமணத் துறவி தேவமதிக் குரத்தியார் விழுப்பரையரையும் நல்லிணங்கையையும் ஓடத்தில் ஏற்றி, ஆற்றின் நடுவே சமாதானம் பேசி முடித்தார். ஓடத்தில் பேசியது எதுவும் கரையேறக் கூடாது என்பது மூவரும் செய்த சத்தியம். முடிவை விழுப்பரையர் தம் கையாலேயே ஓலையில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். நல்லிணங்கை தன் படகுத்துறையைக் கொடுத்துவிட்டாள். சேந்தன் மட்டும் வரவில்லை; அந்த ஓலையோடு அவள் அதிகாரியிடம் முறையிட்டாள்.

விழுப்பரையரோ, ஓலையும் ஓடத்துப் பேச்சைச் சேர்ந்ததே, பிரிக்கலாகாது என்று சாதித்தார். குரத்தியாரைக் கேட்டால் கைகூப்பி மௌனமாக நின்றார். நமக்குக் கோபம்கூட வருகிறது. ஆனால் அந்த வாய் திறக்காது என்று நம்பித்தானே இருவரும் ஓடம் ஏறினார்கள்?

நல்லிணங்கை சுருளின் வெளிப்புறத்து ஒப்பத்தை உற்றுப் பார்த்தாள்.

"விழுப்பரையர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஐயா. இவ்வெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. ஆடுகிற ஓடத்தில்தான் எழுதியிருப்பார்."

தம் கையெழுத்தின் அழகில் விழுப்பரையருக்கு இருந்த கர்வம் கோட்டை மதிலைவிட உயரம். முகம் சிவந்துவிட்டது.

"ஓடத்திலா? எழுத்துக் கெடும் என்று உங்களையெல்லாம் கரையில் இறக்கியதே நான்தானே? மருதமரத்தடியில் அமர்ந்து நிதானமாக எழுதிய எழுத்து அது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படியானால் பேச்சு ஓடத்தோடு போயிற்று, ஒப்பம் கரையில் பிறந்தது. ஓலையைப் பிரிக்கத் தடையில்லை" என்றார் பூதிமங்கலமுடையார்.

உள்ளே இருந்தது ஒரே வரி: 'துறை எனக்கு, சேந்தன் உனக்கு.' அதை அப்போதே நிறைவேற்றும்படி அதிகாரி ஆணையிட்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் கோட்டைக் கதவு திறந்தது. இளைத்துப்போன சேந்தனைக் கண்டதும் அதுவரை கலங்காத நல்லிணங்கை அழுதுவிட்டாள். அவன் அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

"பாட்டன் காலத்துத் துறையையே கொடுத்துவிட்டாயாமே. ஓடத்தில் என்னைப் பற்றி அப்படி என்ன சொன்னாய்?"

நல்லிணங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரத்தியாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அது கரையேறாது" என்றாள்.